ஃபார்மட் என்னும் ஆடிப்பெருக்கு

மேடையில் நின்று “எனக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றுமே தெரியாது” என்று ஓர் எழுத்தாளர் சொன்னால் நம் கூட்டங்களில் கைதட்டல் எழுகிறது. சென்ற தை மாதம் தஞ்சையில் நடந்த ஒரு நூல் வெளியீட்டில் மூன்று பேர் இதைச் சொன்னார்கள். மூன்று முறையும் கைதட்டினார்கள். அம்மூவரும் தத்தம் நூல்களைக் கணினியில் எழுதியவர்கள் என்பதை நான் அறிவேன். வெண்பாவுக்குத் தளை தெரியாது என்று ஒப்புக்கொள்ள நாணுகிறவர்கள், தம் முப்பதாண்டு எழுத்தைச் சுமந்திருக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமையை மட்டும் நகைபோல் பூண்டுகொள்வது ஏன்? நானும் நெடுங்காலம் அந்த நகையைப் பூண்டிருந்தவன்தான். அதற்கு நான் கொடுத்த விலையைச் சொன்னால் இக்கட்டுரையின் கடுமைக்குக் காரணம் விளங்கும்.

திருவையாற்றுக்குத் தெற்கே, குடமுருட்டிக் கரையோரச் சிற்றூர்களில் 1998 முதல் 2004 வரை நடவுப் பாடல்களை ஒலிநாடாவில் பதிந்துவந்தேன். பெரும்பாலும் ஒரே மூதாட்டியின் குரல். வயலில் முன்னே பாடுகிறவர் அவர். மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். நாற்றைப் பிரித்து ஊன்றும் கையின் வேகத்துக்கேற்ப அவர் அடியை நீட்டியும் குறுக்கியும் பாடுவது, எழுத்தில் இறக்கும்போது பெரும்பாடாக இருக்கும். நாற்பத்தொரு பாடல்கள் சேர்ந்தன. அவற்றைக் கேட்டுக் கேட்டுக் கணினியில் நேரடியாகத் தட்டினேன். ஒலிநாடாக்களையும் கோப்புகளாக மாற்றிக்கொண்டேன். நாடாக்கள் பூஞ்சணம் பிடித்ததும் அவற்றைத் தூக்கி எறிந்தேன். 2006-இல் ஒரு குறுந்தகட்டில் படி எடுத்துவைத்தேன். அது பின்னர் எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. வேறு படி எடுக்கவில்லை. (இந்த இடத்தில் என்னைத் திட்ட விரும்புகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். நியாயமான வசைதான்.) மூதாட்டி 2011-இல் காலமானார். இப்போது அவ்வயல்களில் பாதிக்கு மேல் நேரடி விதைப்பு. மீதியில் நடவு இயந்திரமோ வங்காளத்திலிருந்து வந்த ஆட்களோ நடுகிறார்கள். பாட்டைக் கேட்டுத் திரும்ப எழுத வழியில்லை.

2019 ஏப்ரலில் என் பழைய கணினியின் மதர்போர்டு செத்தது. மதர்போர்டைத் தாய்ப்பலகை என்று எழுதுவதா, மூலப்பலகை என்று எழுதுவதா என்று நண்பர்களுக்குள் முன்பு மூன்று மாதம் சண்டை நடந்தது நினைவிருக்கும். அந்தச் சண்டையில் நானும் பக்கம் பக்கமாக எழுதினேன். எங்களில் ஒருவர்கூட ஒரு பலகையைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. நகரில் ஒரு கடையில் புதிய பலகை, ஏஎம்டி ரைசன் செயலி, புதிய நினைவகம் மூன்றையும் போட்டார்கள். பழைய எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் அந்தத் தகரப்பெட்டி, நன்றாக இருக்கிறதே, அதை ஏன் மாற்றவேண்டும் என்றார்கள். பழைய வன்தட்டும் அதிலிருந்த விண்டோஸும் அப்படியே தொடர்ந்தன.

வீட்டுக்கு வந்த அன்றிரவே கணினி உறைந்தது. திரையில் கடிகாரம் நின்றுவிட்டது, சுட்டி அசையவில்லை, விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டால் ஒன்றும் நடவாததுபோல் எழும். மறுநாள் பகல் முழுதும் வேலை செய்தது. இரவில் மீண்டும் உறைந்தது. ஒரு வாரம் பொறுத்துவிட்டு, பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கே கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஓடியது. “வைரஸ்தான் சார், ஃபார்மட் போட்டா சரியாயிடும், சாயங்காலம் வாங்க” என்றார் அந்த இளைஞர். நான் சரி என்றேன். என் எழுத்துகள் உள்ளே இருக்கின்றன என்றும் சொன்னேன். எந்த டிரைவில், எந்தக் கோப்புறையில் என்று சொல்லத் தெரியவில்லை. நகையைப் பூண்டிருந்தேன் அல்லவா?

மாலையில் கணினி புத்தம் புதிதாக இருந்தது. சி டிரைவ், டி டிரைவ் இரண்டையும் ஒன்றாக்கித் துடைத்திருந்தார்கள். அன்புக்காகப் பத்து ஜிபி அளவுக்குப் பழைய திரைப்பாடல்களையும் ஏற்றித் தந்திருந்தார்கள். என் கோப்புகள் எங்கே என்று கேட்டதற்கு அந்த இளைஞர் மெய்யான வருத்தத்தோடு சொன்னார்: “தொறந்து பாத்தேன் சார். உள்ள எல்லாம் கொக்கி கொக்கியா ஏதோ குறியா இருந்துச்சு. ஃபைல் கரப்ட் ஆயிடுச்சுன்னு நெனச்சேன்.” அவர் பார்த்தது டிஸ்கி. யுனிகோடு பரவுவதற்கு முன் நாமெல்லோரும் எழுதிய அந்தக் குறியேற்றம், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். படிக்க முடியாததால் அது குப்பை, குப்பையானதால் தள்ளத்தக்கது.

அன்றிரவு பதினொன்றேகாலுக்குக் கணினி மீண்டும் உறைந்தது.

இதை வாசிக்கும் நண்பர்களுக்கு உ.வே.சாமிநாதையரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளைத் தேடிப் போனபோது, அவற்றை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டதை எழுதியிருக்கிறார். ஆடிப் பதினெட்டில் காவிரியில் ஏடு விட்ட வழக்கத்தைப் பற்றி இக்குழுவில் யாரிடம் கேட்டாலும் கண்கலங்கச் சொல்வார்கள். அவர்களே தங்கள் வன்தட்டை ஒரு கடையில் கொடுத்து, “என்ன வேணாலும் பண்ணுப்பா, ஓடுனா சரி” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போகிறார்கள். ஏட்டை ஆற்றில் விட்டவர்களிடம் ஒரு சமாதானமாவது இருந்தது: புதிதாக ஒரு படி எழுதிக்கொண்டு, சிதைந்ததை விடுவதுதான் முறை என்று அவர்கள் கருதியிருக்கலாம். நாம் படியே எடுக்காமல் விடுகிறோம்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. மதர்போர்டு மாறினால் விண்டோஸைப் புதிதாகப் போடுவது தவறில்லை; பழைய பலகைக்கான இயக்கிகள் உள்ளே கிடந்து இடைஞ்சல் செய்யக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சோதிக்கப் பழைய வன்தட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வேறொரு தட்டில் புதிதாகப் போட்டு ஓட்டிப் பார்த்தால் போதும். அப்படிப் போட்டும் கணினி உறைந்தால் குற்றம் விண்டோஸில் இல்லை என்று தெரிந்துவிடும்; இழப்பும் இல்லை. என் வீட்டில் அன்றிரவு அதே சோதனைதான் நடந்தது. அதன் கட்டணம் நாற்பத்தொரு பாடல்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சினம் வந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் அடுத்த விளக்கம் தயாராக இருந்தது: “நம்ம ஊரு கரண்ட் அப்படி.” மேட்டூர் திறக்காத கோடையில் போர்வெல் மோட்டார்கள் ஓடுகின்றன, மின்னழுத்தம் விழுகிறது, கணினி சாகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. டெல்டாக்காரர்களாகிய நமக்கு எதையும் தண்ணீரோடும் மின்சாரத்தோடும் முடிச்சுப் போட்டுப் பழக்கம். ஒரு மல்டிமீட்டரை வாங்கினேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் நாள், மணி, சுவர்ப் பிளக்கில் மின்னழுத்தம், அறையின் வெப்பம், அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மூன்று வாரம் எழுதினேன். மாலை ஏழு மணிக்கு மின்னழுத்தம் 195 வோல்ட் வரை இறங்கும். நள்ளிரவில் 235-க்கு ஏறும். கணினி பதினோரு முறை உறைந்தது. அவற்றில் ஒன்றுகூட 195-இல் நிகழவில்லை. எல்லாமே மின்சாரம் மிகச் சீராக இருந்த பின்னிரவிலும், நான் குளிக்கப் போன விடியலிலும் நிகழ்ந்தவை.

நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது இன்னொன்று புலப்பட்டது. பதினோரு முறையும் கணினியை யாரும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. முந்நூறு பக்க நூலொன்றை வருடிப் படமாக்கி, அதிலிருந்து எழுத்துணரியால் உரையைப் பிரித்தெடுக்கும் வேலையைக் கொடுத்துவிட்டு உறங்கிய இரவுகளில் அது உறையவேயில்லை. வேலை கொடுத்தால் ஓடியது, சும்மா விட்டால் செத்தது. செயலி சூடாகிறது, நினைவகம் பழுது என்ற ஊகங்கள் இதற்குப் பொருந்தா. அவை பளுவின்போது வெளிப்படவேண்டியவை. இருப்பினும் நினைவகச் சோதனையை ஓர் இரவு முழுக்க ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. கணினி உறையவும் இல்லை. சோதனை செயலியைச் சும்மா இருக்க விடாதல்லவா?

கும்பகோணத்துக் கல்லூரியில் 1880-இல் தமிழாசிரியராகச் சேர்ந்து, அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியில் புகுந்து, 1887-இல் அதைப் பதிப்பித்தார் ஐயர். பொருள் விளங்காத இடத்தில் பாடத்தை அவர் தன் விருப்பப்படி திருத்தவில்லை. பிரதிகளைத் தேடி ஒப்பிட்டார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் போய்க் கேட்டார். ஒரு பிரதியில் காண்பது பிழையா, பாடமா என்பதை இன்னொரு பிரதிதான் சொல்லும். கணினிக்கும் இதே முறைதான். பொறியாளராக வேண்டியதில்லை, ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே, என்ன நடந்ததென்று எழுது, பிறகு பழையபடி வைத்து மறுபடியும் பார். நம்மில் பாட பேதம் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது கைவரவேண்டும்.

நண்பர் ஒருவரிடம் அவருடைய புதிய எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கிப் பொருத்தினேன். ஒன்பது நாள் கணினி உறையவில்லை. பழையதைத் திரும்ப மாட்டினேன். இரண்டாம் இரவே உறைந்தது. இந்தத் திரும்ப மாட்டும் படியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், பொருத்தும்போது ஏதோ ஒரு கம்பி தற்செயலாக இறுகியதால் சரியாயிற்றா, உறுப்பு மாறியதால் சரியாயிற்றா என்று சொல்ல முடியாது.

காரணம் இதுதான். இன்றைய செயலிகள் வேலையில்லாதபோது தம் பகுதிகளை உறங்கவைத்து மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்த எஸ்எம்பிஎஸ்கள் சில, அவ்வளவு சிறிய பளுவைக் கண்டதில்லை; அந்நிலையில் அவற்றால் 12 வோல்ட் தடத்தைச் சீராக வைத்திருக்க முடிவதில்லை. 2013-இல் இன்டெலின் ஹாஸ்வெல் செயலிகள் வந்தபோதே இந்தப் பேச்சு எழுந்தது. ரைசனுக்கான மதர்போர்டுகளில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது: பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்னும் இடத்தில் ‘டிபிக்கல் கரண்ட் ஐடில்’ என்று மாற்றினால், செயலி அவ்வளவு ஆழமாக உறங்காது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடே அதை மாற்றிப் பார்த்தேன். உறையவில்லை. இரண்டு நிமிட வேலை. ஒரு கோப்புகூட அழியாது. (அதற்குப் பின்னும் புதிய எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கிவிட்டேன். பழையதன்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.)

ஊர்க்கடையின் அறியாமை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். பெரிய இடங்களிலும் முதல் பழி வாடிக்கையாளர்மேல்தான் விழுகிறது. 2022, 2023 ஆண்டுகளில் வந்த பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை இன்டெல் மேசைக்கணினிச் செயலிகளில் உயர்வகைகள் பல, சில மாதங்களில் நிலைகுலையத் தொடங்கின. விளையாட்டுகள் ‘காட்சி நினைவகம் போதவில்லை’ என்று பிழை காட்டி விழுந்தன. பிழைச்செய்தியை நம்பிப் பலர் காட்சி அட்டையைச் சந்தேகித்தார்கள். விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். மதர்போர்டுகாரர்கள் அளவுமீறிய அமைப்புகளை வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பலகையின் பக்கம் விரல் நீண்டது. 2024 ஜூலையில்தான், செயலியின் நுண்குறிமுறையே தவறாக அதிக மின்னழுத்தம் கேட்கிறது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தார்கள். அதற்குள் கெட்டுப்போன செயலியைத் திருத்தத்தால் மீட்க முடியாது.

இதற்கு முப்பதாண்டு முன் அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லிக்கு நேர்ந்ததை நம் பதிப்பாசிரியர்கள் பாடமாகவே வைக்கலாம். இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டும் நெடுங்கணக்கை அவர் பல கணினிகளில் ஓட்டிவந்தார். 1994-இல் பென்டியம் செயலி கொண்ட ஒரு கணினியைச் சேர்த்தபின், ஜூனில், விடைகள் ஒத்துவரவில்லை. அவர் முதலில் தம் நிரலைச் சந்தேகித்தார், பிறகு மொழிமாற்றியை, பிறகு மதர்போர்டை. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, அக்டோபரில்தான் வகுத்தலில் தவறுவது செயலியே என்று உறுதி செய்து இன்டெலுக்கு எழுதினார். பழுது உங்களைப் பாதிக்கும் என்று காட்டினால்தான் மாற்றித் தருவோம் என்று முதலில் சொன்ன இன்டெல், டிசம்பர் 20 அன்று கேட்டவருக்கெல்லாம் மாற்றித் தருவதாக அறிவித்தது, அதற்காக 47.5 கோடி டாலரைக் கணக்கில் ஒதுக்கியது. நான்கு மாதம் ஒரு மனிதர் பிரதிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்ததன் விளைவு அது. அவரும் கணினியை ஃபார்மட் செய்துவிட்டுப் படுத்திருக்கலாம்.

நம் ஊரிலும் இந்த மரபு இல்லாமல் இல்லை. என் இளமையில் கீழவாசலில் ஒரு வானொலி மெக்கானிக் இருந்தார். பெட்டியைத் திறந்ததும் அவர் எந்தக் கருவியையும் எடுக்கமாட்டார். முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு, எப்போது நின்றது, மழை பெய்ததா, நிற்கும் முன் சத்தம் கரகரத்ததா, மெல்லத் தேய்ந்ததா என்று வைத்தியர் போல் கேட்பார். இவ்வளவு கேள்வி எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். “தம்பி, வால்வு வெல கூட. கேள்விக்குக் காசு இல்ல” என்றார். உறுப்பு விலை ஏறியிருந்த காலத்தில் நோயறிதல் மலிவாக இருந்தது. இன்று உறுப்பு மலிவு. அதனால் யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. 2000-களின் முற்பகுதியில் உலகெங்கும் மதர்போர்டுகளில் மின்தேக்கிகள் தலை வீங்கிக் கசிந்தபோது, பெட்டியைத் திறந்து பார்த்தாலே தெரிந்திருக்கும். டெல் நிறுவனம் 2005-இல் அதற்காக 30 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது. அப்போதும் நம் ஊர்களில் அந்தக் கணினிகளுக்கெல்லாம் விண்டோஸ்தான் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

கடைக்காரரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எளிது. ஃபார்மட்டுக்கு ரூபாய் முந்நூறு கொடுக்கிறோம். ஒரு கணினியை மூன்று இரவு வேலையின்றி ஓடவிட்டுக் கவனித்து, “எஸ்எம்பிஎஸ் மாத்துங்க” என்று ஒருவர் சொன்னால், சும்மா பார்த்ததற்கா காசு என்று கேட்போம். நோயறியக் கூலி கொடுக்காத ஊரில் அறுவை மட்டும்தான் நடக்கும். எழுத்துக்கும் இங்கே இதே கதிதான்: அச்சுக்கூலி உண்டு, மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கூலி இல்லை.

என் இழப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், “உண்மையான பாட்டு மண்ணில் இருக்கிறது, வன்தட்டில் இல்லை” என்று மடல் எழுதினார். அழகான வாக்கியம். அந்த மண்ணில் போய் அவரை ஒரு பாட்டைக் கேட்டு வரச் சொல்கிறேன். இன்னொருவர் விதி என்றார். நள்ளிரவு 235 வோல்ட்டில், சும்மா இருக்கும்போது மட்டும், அதுவும் பழைய எஸ்எம்பிஎஸ் மாட்டியிருந்தால் மட்டும் வேலை செய்யும் விதியை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் வந்து பார்க்கலாம்.

மீட்பு மென்பொருளைக் கொண்டு வன்தட்டைத் துழாவியதில் பதினேழு பாடல்கள் முழுமையாகக் கிடைத்தன. ஒன்பது துண்டு துண்டாக வந்திருக்கின்றன. காணாமற்போன அடிகளுக்குப் புள்ளியிட்டு வைத்திருக்கிறேன். ஒலிக்கோப்புகளில் நான்கு மட்டும் ஓடுகின்றன. மீதி இருந்த இடத்தில் அந்தத் திரைப்பாடல்கள் உட்கார்ந்திருந்தன.

இரண்டு மாதம் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு அக்கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அந்த இளைஞர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படித்தார். பயாஸ் திரையை நான் கைப்பேசியில் பிடித்திருந்த படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பியதும் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “இதே மாதிரி உள்ள ரெண்டு மெஷின் கெடக்கு சார்” என்றார். பார்த்தேன். ஒன்றை அன்று காலைதான் ஃபார்மட் செய்து முடித்திருந்தார்கள்.